ஆலோசனை அறை: கதவு, நாற்காலி, விளக்கு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஓர் அம்மையாரை, உறக்கமின்மையும் ஓயாத அழுகையும் காரணமாக, எங்கள் மனநல ஆலோசனைப் பிரிவுக்கு அவருடைய மருத்துவர் அனுப்பியிருந்தார். அவர் வந்தார், அமர்ந்தார், நாற்பது நிமிடம் இருந்தார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஒன்றுமில்லைங்க" என்பதே மறுமொழி. புறப்பட்டு வாயில்வரை சென்றவர் திரும்பிப் பார்த்து, "வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுவது இங்கே இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, அப்படியென்றால் இங்கே பேசுவதும் வெளியே கேட்கும்தானே? என் நாத்தனார் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்" என்றார்.

அன்று மாலை நோயாளிகள் அனைவரும் சென்ற பின்னர் நாங்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். ஒருவர் உள்ளே அமர்ந்து வழக்கமான குரலில் செய்தித்தாளைப் படித்தார். மற்றவர்கள் வெளியே காத்திருப்போர் இருக்கையில் அமர்ந்தோம். சொற்கள் ஏறத்தாழ முழுமையாகக் கேட்டன. 'நீங்கள் சொல்வது நமக்குள் இருக்கும்' என்று அந்த அறையில் பல ஆண்டுகளாக உறுதி கூறிவந்திருக்கிறோம். அந்த உறுதியை எங்கள் கதவே பொய்யாக்கிக்கொண்டிருந்தது. மனநலச் சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களுடைய உரிமையாகவே வகுத்துள்ளது. கோப்புகளைப் பூட்டி வைப்பதில் காட்டிய கவனத்தை நாங்கள் கதவில் காட்டவில்லை.

அதன்பின் நாங்கள் ஒவ்வொருவரும் நோயாளியின் நாற்காலியில் பத்து நிமிடம் அமர்ந்து பார்த்தோம். எதிரே ஓர் அகன்ற மேசை. மேசைக்கு அப்பால் ஆலோசகரின் உயரமான சுழல் நாற்காலி. இப்பால் முதுகு சாயாத ஒரு பிளாஸ்டிக் முக்காலி. தலைக்கு நேர் மேலே கண்ணைக் கூசவைக்கும் குழல்விளக்கு. பக்கத்தில் இரும்பு அலமாரி. அதில் அடுக்கியிருந்த கோப்புகளின் முதுகில் பிற நோயாளிகளின் பெயர்கள், படிக்கும் அளவுக்குத் தெளிவாக. சுவரில் மருந்து நிறுவனம் கொடுத்த நாட்காட்டியும், மூளையின் குறுக்குவெட்டுப் படமும். கதவு முதுகுக்குப் பின்னால். யாரேனும் திறந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பார்க்காவிடில் யாரென்று தெரியாது. அந்த இடத்தில் அமர்ந்து, வாழ்வில் மிகக் கடினமான செய்தியை முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லும்படி நாங்கள் மக்களைக் கேட்டுவந்திருக்கிறோம்.

அந்த அறையை இப்போது மாற்றியமைத்திருக்கிறோம். என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்வது எங்கள் கடமையென்று கருதுகிறோம். அந்த அறையில் அமரப்போவோர் நீங்கள் என்பது ஒரு காரணம். வேறெந்த மருத்துவமனையின் அறையிலும் உங்களுக்கு இடையூறாக இருப்பதை மாற்றித் தரும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம் என்பது மற்றொன்று.

இந்தச் சிந்தனை புதிதன்று. பிரிட்டனைச் சேர்ந்த மேகி கெசிக் ஜெங்க்ஸ் என்னும் பெண்மணிக்கு 1993ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோய் மீண்டும் பரவிவிட்டதென்றும், இன்னும் சில மாதங்களே உள்ளனவென்றும் மருத்துவர்கள் தெரிவித்தனர். அடுத்த நோயாளி காத்திருந்த காரணத்தால், அச்செய்தியைக் கேட்ட சில நிமிடங்களில் அவர் எழுந்து சாளரமற்ற ஒரு நடைவழிக்குச் செல்ல நேர்ந்தது. மருத்துவர்கள் மீது அவருக்குக் குறையில்லை. அந்த நடைவழிதான் அவரை உறுத்தியது. புற்றுநோயாளிகளும் குடும்பத்தாரும் வந்து அமர்வதற்கு, வீட்டைப் போன்ற ஓர் இடம் மருத்துவமனைக்கு அருகிலேயே வேண்டும் என்று எண்ணி, தம் எஞ்சிய நாட்களை அதைத் திட்டமிடுவதில் செலவிட்டார். 1995இல் அவர் மறைந்தார். 1996இல் எடின்பரோ நகரத்து மருத்துவமனை வளாகத்தில், பழைய குதிரை லாயம் ஒன்றை மாற்றியமைத்து முதல் மேகி மையம் திறக்கப்பட்டது. இன்று அத்தகைய மையங்கள் பல உள்ளன. அவற்றின் நடுவிடம் வரவேற்பு மேசை அன்று. ஒரு சமையலறையும் அதிலுள்ள பெரிய மேசையுமே. உள்ளே வருபவர் தேநீர் எடுத்துக்கொள்ளலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

நம்மிடம் சமையலறைக்கு இடமில்லை. இருந்தது பன்னிரண்டுக்குப் பத்தடி கொண்ட ஓர் அறையும் சிறு தொகையுமே. ஆகவே எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்த வேண்டியிருந்தது.

ஓசை

முதலில் கதவு. உள்ளீடற்ற இலேசான கதவை அகற்றி, கனமான மரக்கதவு பொருத்தினோம். கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளியை இரப்பர்ப் பட்டையால் அடைத்தோம். அதன் பின்னரும் குரல் கேட்டது. தச்சர் மேலே ஏறிப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது: இரண்டு அறைகளுக்கும் இடையிலிருந்த தடுப்புச் சுவர் பொய்க்கூரை வரையில்தான் எழுப்பப்பட்டிருந்தது. அதற்கு மேல் திறந்தவெளி. குரல் மேலேறி, கூரைக்குள் புகுந்து, அடுத்த பக்கத்தில் இறங்கியிருக்கிறது. மேலே உண்மையான தளம் வரையில் சுவரை உயர்த்திய பிறகே அமைதி வந்தது. புதிய கட்டடங்களில் இக்குறை மிகப் பரவலாக உள்ளது என்பதை இங்குச் சொல்லிவைக்கிறோம்.

இதில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. திரைச்சீலை, பாய், மெத்தை போன்ற மென்பொருள்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். பேசுவது இதமாகக் கேட்கும். ஆனால் அவை குரலை வெளியே போகாமல் தடுப்பதில்லை. தடுப்பதற்குக் கனமும், இடைவெளியின்மையும் வேண்டும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் போதும் என்று ஒரு நண்பர் அன்போடு ஆலோசனை கூறினார். அவர் மனம் நோகாதபடி மறுத்தோம்.

வெளியே காத்திருப்போர் பகுதியில் ஒரு வானொலியை மெல்லிய ஒலியில் ஓடவிட்டோம். உள்ளே ஓடவிடுவதைக் காட்டிலும் வெளியே ஓடவிடுவதே பயன் தரும். கேட்கும் காதுக்கு அருகிலுள்ள ஒலியே தொலைவிலிருந்து கசியும் சொல்லை மறைக்கும். டோக்கன் அழைப்பின் ஒலிபெருக்கியையும் அவ்விடத்திலிருந்து எடுத்துவிட்டு, எண்ணைத் திரையில் காட்டுகிறோம். எழுத்தறியாதோர்க்கும் பார்வை குறைந்தோர்க்கும் செவிலியர் அருகில் வந்து சொல்கின்றனர்.

நோயாளியின் அறையிலோ, வாயிலுக்கு வெளியிலோ நின்று கிசுகிசுப்பதைக் கொடுமையான செயலாகவே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளிவந்த தம் செவிலியர் குறிப்புகளில் கண்டித்திருக்கிறார். தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று நோயாளி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார் என்பது அவர் கண்ட உண்மை. குடும்பத்தார்க்கும் இது பொருந்தும். ஆலோசகரிடம் தனியாக ஏதேனும் கூற விரும்பினால், வாயிலில் நின்று தாழ்ந்த குரலில் கூறாதீர்கள். தனி நேரம் கேளுங்கள். தருகிறோம்.

அந்த அம்மையார் இரண்டு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் வந்தார். கதவைத் தாமே ஒருமுறை சாத்திப் பார்த்தார். அவர் என்ன பேசினார் என்பது இக்கட்டுரைக்கு உரியதன்று.

இருக்கை

மேசையை அகற்றுவதில் எங்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. மேசை இருந்தால்தான் மரியாதை என்று ஒருவர் கருதினார். எழுதுவதற்கு வேண்டுமே என்று மற்றொருவர் கூறினார். ஆனால் மேசைக்கு அப்பால் இருப்பவர் அதிகாரியாகவும், இப்பால் இருப்பவர் மனு கொடுக்க வந்தவராகவும் தோன்றுவது நம் அலுவலகங்கள் அனைத்திலும் நாம் காணும் காட்சியே. மேசை இப்போது சுவரோரம் சென்றுவிட்டது. குறிப்பேட்டை மடியில் வைத்து எழுதப் பழகிக்கொண்டோம்.

ஆலோசகருக்கும் வருபவருக்கும் இப்போது ஒரே வகை, ஒரே உயரம் கொண்ட நாற்காலிகள். அவை நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக, கடிகாரத்தின் பத்து மணி, இரண்டு மணி முட்களைப் போலப் போடப்பட்டுள்ளன. நேராகப் போட்டால் கண்ணை விலக்குவதற்கே ஒரு முயற்சி தேவைப்படும்; சாய்வாக இருந்தால் வருபவர் விரும்பும்போது முகத்தைப் பார்க்கலாம், வேண்டாதபோது சாளரத்தைப் பார்க்கலாம். சிக்மண்ட் பிராய்டு இதற்கும் ஒரு படி மேலே சென்று, நோயாளியைப் படுக்கவைத்துத் தாம் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் அமர்ந்தார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுநோக்குவதைத் தாங்க இயலவில்லை என்பதையும் அதற்கு ஒரு காரணமாக அவரே எழுதியுள்ளார். அந்தச் சாய்விருக்கை இன்றும் இலண்டனில் அவர் வாழ்ந்த வீட்டில், பாரசீகக் கம்பளம் விரித்தபடி, அருங்காட்சியகப் பொருளாக உள்ளது. நம் ஊரில் முன்பின் அறியாத ஒருவர் முன்னிலையில் படுத்துக்கொண்டு பேசும்படி ஒரு பெண்ணைக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வழி நமக்கு வேண்டாம்.

நாற்காலிகளுக்கு இடையே எவ்வளவு தொலைவு? மனிதர்கள் தம்மிடையே காக்கும் தொலைவுகளைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்டு ஹால் 1966இல் எழுதிய நூல் இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நண்பர்களுக்கிடையேயான தொலைவின் வெளி எல்லையாக அவர் குறிப்பிட்டது ஏறத்தாழ நான்கு அடி. அது பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்பதையும் அவரே வற்புறுத்தினார். ஆகவே அளவுகோலை நாங்கள் நம்பவில்லை. எளிதில் நகர்த்தக்கூடிய நாற்காலிகளை வாங்கினோம். உங்களுக்கு ஏற்ற இடத்துக்கு நீங்களே நகர்த்திக்கொள்ளலாம். ஆண் ஆலோசகரிடமிருந்து சற்றுத் தள்ளி அமர விரும்பும் பெண்களும், காது மந்தமாகி அருகில் வர விரும்பும் முதியவர்களும் அவ்வாறே செய்கிறார்கள்.

சோபா வாங்கலாம் என்பது முதல் யோசனை. படங்களில் எல்லா ஆலோசனை அறைகளிலும் அது இருக்கிறது. வாங்காமல் விட்டது நல்லதாயிற்று. ஆழமான, மெத்தென்ற சோபாவில் அமர்ந்த முதியவர் எழ முடியாமல் தவிப்பார். வயிற்றிலோ முழங்காலிலோ அறுவைச் சிகிச்சை முடிந்தவர்க்கு அது துன்பம். கையூன்றி எழக் கைப்பிடியும், ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமும், உறுதியான இருக்கையும் கொண்ட நாற்காலியே நோயாளிக்கு உகந்தது. மேலும் மூவர் அமரும் சோபாவில் கணவன், மனைவி, மாமியார் என்று நெருக்கியடித்து அமர்ந்தால், நடுவில் சிக்கியவர் வாய் திறப்பதேயில்லை. தனித்தனி நாற்காலி இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் கிடைக்கிறது.

நம் குடும்பங்கள் ஒருவராக வருவதில்லை என்பதை மேலைநாட்டு வடிவமைப்பு நூல்கள் அறியமாட்டா. ஐவர் வருவர், ஐவரும் உள்ளே வருவர். ஆகவே அடுக்கி வைக்கக்கூடிய மூன்று நாற்காலிகளும், தரையில் அமரவே விரும்பும் மூதாட்டியர்க்கு ஒரு கோரைப்பாயும் மூலையில் உள்ளன. ஒரு முறை பாட்டியொருவர் பாயில் அமர்ந்தபோது, எங்கள் ஆலோசகரும் பாயிலேயே அமர்ந்துகொண்டார். உயரம் சமமாக இருக்க வேண்டும் என்னும் விதி அங்கும் நிறைவேறியது.

சக்கர நாற்காலியில் வருவோர்க்காக வாயிலின் அகலத்தை 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமைத்து, உள்ளே வண்டி முழுமையாகத் திரும்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடத்தையும் விட்டிருக்கிறோம். நாற்காலியில் இருந்தபடியே பேசுவோர்க்கு இடமளிக்க, ஓர் இருக்கையை வெளியே எடுத்துவிடுவோம்.

கடிகாரம் சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் ஆலோசகர் தம் கைக்கடிகாரத்தை ஒரு கணம் பார்த்தாலும், பேசுபவர் வாக்கியத்தை நடுவில் விட்டுவிடுவார். இருவரும் தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி அது இப்போது பக்கவாட்டுச் சுவரில் உள்ளது. கண்ணீர் துடைக்கும் காகிதத்தாள்களையும் தண்ணீரையும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம். அழுகை தொடங்கியவுடன் நாங்கள் தாளை எடுத்து நீட்டுவதில்லை. அது சில வேளைகளில் 'போதும், நிறுத்துங்கள்' என்பது போல ஒலித்துவிடும்.

ஒளியும் மணமும்

குழல்விளக்கின் வெண்ணீல ஒளி ஊசி போடவும் புண்ணைப் பார்க்கவும் ஏற்றது. மனம்விட்டுப் பேசுவதற்கு உகந்ததன்று. விளக்கின் அட்டையில் கெல்வின் என்னும் அலகில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 6500 என்றால் வெண்ணீலம். 2700 முதல் 3000 வரை என்றால் மாலை வெயிலை ஒத்த இளமஞ்சள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. அறையில் இப்போது மஞ்சள் ஒளி தரும் இரண்டு விளக்குகள் உள்ளன. அவை பக்கவாட்டிலிருந்து சுவரில் பட்டு ஒளி வீசுகின்றன. படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் விளக்கு நேராகப் படலாகாது என்பதைக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ பின்லாந்து நாட்டின் பைமியோ காசநோய் மருத்துவமனையில் 1933ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். நோயாளி நாள்முழுதும் பார்ப்பது கூரையைத்தான் என்று உணர்ந்து அங்கே கூரைக்கு அடர்நிறம் பூசினார். அறையில் இருவர் தங்குவர் என்பதால், ஒருவர் கைகழுவும் ஓசை மற்றவரை எழுப்பாத வகையில் நீர்த்தொட்டியின் சரிவைக்கூடக் கணக்கிட்டு வடிவமைத்தார்.

எங்கள் சாளரத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம் உண்டு. அலமாரி அதை மறைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ராஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. வேறுபாடு ஒரு நாளுக்கும் குறைவுதான். ஆய்வும் ஒரே மருத்துவமனையில், சிலரிடம் மட்டுமே நடந்தது. மரம் நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் கூறமாட்டோம். இருக்கும் மரத்தை மறைக்க வேண்டாம் என்று மட்டும் கூறுவோம்.

சாளரத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. அது ஆலோசகரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், வெளிச்சத்தில் அவர் முகம் கருநிழலாகத் தெரியும். முகக்குறிப்பைக் காண இயலாது. செவித்திறன் குறைந்து உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்க்கு அது பெரும் இடர். ஆகவே சாளரம் இப்போது இருவருக்கும் பக்கவாட்டில் உள்ளது.

மணத்தைப் பற்றி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் புற்றுநோயாளிகளே. கீமோதெரபி பெறுவோரில் சிலர்க்கு, மருந்தோடு தொடர்புபட்ட ஒரு வாடையை முகர்ந்தாலே குமட்டல் வரும். மருந்து ஏறாத நாளிலும் வரும். உடலும் மனமும் சேர்ந்து கற்றுக்கொண்ட ஒரு பாடம் அது. நடிப்பும் அன்று, பலவீனமும் அன்று. பினாயில் வாடை, ஸ்பிரிட் வாடை ஆகியவற்றோடு, நாங்கள் நல்லெண்ணத்தில் ஏற்றிவைத்த ஊதுவத்தியும், மேசையில் வைத்த மல்லிகையும்கூடச் சிலரை வருத்தியிருக்கின்றன. மூச்சிரைப்பு உள்ளவர்க்கு ஊதுவத்திப் புகை ஆகாது. ஆகவே நறுமணம் எதுவும் சேர்க்காமல் விட்டுவிட்டோம். தரையைக் காலையில் முதல் நோயாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே துடைத்து, சாளரத்தைத் திறந்துவைக்கிறோம். அவ்வளவே.

சுவர்

நீலம் அமைதி தரும், மஞ்சள் மகிழ்ச்சி தரும் என்றெல்லாம் வண்ணங்களைப் பற்றிப் பலவாறு எழுதப்படுகின்றன. அவற்றுக்கு உறுதியான சான்று குறைவு என்பதே எங்கள் எண்ணம். பளபளப்பற்ற இளஞ்சந்தன நிறம் பூசினோம். தரைவிரிப்பில்தான் கவனம் தேவைப்பட்டது. மறதிநோய் உள்ள முதியவர்கள் சிலர்க்குத் தரையிலுள்ள கரிய விரிப்பு பள்ளம் போலவும், பளபளக்கும் தரை ஈரம் போலவும் தோன்றி, கால் வைக்க அஞ்சுவர். வீட்டில் அத்தகைய பெரியவர் இருந்தால், வாயிலில் கிடக்கும் கறுப்பு மிதியடியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சுவரில் எதை மாட்டுவது என்பதில்தான் எங்களிடையே அதிக விவாதம். சாமி படம் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நோயாளிகளே சிலர் கூறினர். ஆனால் இங்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். கடவுளிடம் கோபம் கொண்டிருக்கும் தாய்மாரும் வருகின்றனர். ஆலோசகர் தம் குழந்தைகளின் நிழற்படத்தை மேசையில் வைத்திருந்தார். மகனை இழந்த ஒருவர் அதைப் பார்த்த பார்வையைக் கண்டு அவரே எடுத்துவிட்டார். இப்போது இருப்பது ஏரிக்கரைப் படம் ஒன்று. பட்டச் சான்றிதழ்களை வாயிலுக்கு வெளியே மாட்டியுள்ளோம். யாரிடம் பேசப்போகிறோம் என்பதை வருபவர் முன்னரே அறிந்துகொள்ளும் உரிமை உள்ளவர்.

எதிர்ச்சுவரில் இருந்த கண்ணாடியை அகற்றினோம். முடி உதிர்ந்தவர், முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் தம் உருவத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியதில்லை. ஆனால் கதவருகே ஒரு சிறு நீர்த்தொட்டியும் அதன் மேல் ஒரு சிறு கண்ணாடியும் வைத்தோம். அழுத முகத்தோடு நேராகக் கூட்டத்துக்குள் போக யாருக்கும் விருப்பமிராது. முகம் கழுவி, தலையை ஒதுக்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ள இரண்டு நிமிடமும் இரண்டடி இடமும் வேண்டும். இந்த மாற்றங்கள் அனைத்திலும் மிகுதியான நன்றியைப் பெற்றுத்தந்தது இந்த நீர்த்தொட்டியே.

சில செய்திகளை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் எண்ணம் உடையோரும் இவ்வறைக்கு வருகின்றனர். அவர்களுடைய பாதுகாப்புக்காகக் கண்ணாடி மேசை, கனமான பளிங்குப் பொருள்கள், கூரிய கருவிகள் எவையும் அறையில் இல்லை. சாளரத்துக்குக் கம்பி உண்டு. கதவுக்குச் செல்லும் வழி வருபவருக்கும் ஆலோசகருக்கும் தடையின்றித் திறந்திருக்கும்; அச்சமோ மூச்சுமுட்டலோ தோன்றினால் யாரும் எழுந்து வெளியே செல்லலாம். உள்ளே பூட்டும் தாழ்ப்பாள் இல்லை. 'ஆலோசனை நடைபெறுகிறது' என்னும் பலகை தொங்கும்போது யாரும் நுழைவதில்லை; இயக்குநரும் நுழைவதில்லை.

வாயிற்பலகை

முன்பு வாயிலில் 'மனநோய்ப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே அமர்ந்திருப்பதை ஊரார் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, முறை வந்ததும் எழுந்து போய்விட்டவர்கள் உண்டு. பலகையை எடுத்துவிட்டு அறை எண் மட்டும் எழுதலாம் என்றோம். எங்களில் இளையவர் ஒருவர் எதிர்த்தார்: மறைத்துவைத்தால், மறைக்க வேண்டியதுதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா? இதய நோய்ப் பிரிவின் பலகையை யாரேனும் மறைக்கிறார்களா? அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் சமூகம் மாறும்வரையில் காத்திருக்க, இன்று வாயிலில் நிற்கும் பெண்ணால் இயலாது. இறுதியில், உணவு ஆலோசனைக்கும் நீரிழிவு ஆலோசனைக்கும் உள்ளதைப் போலவே 'ஆலோசனை அறை' என்று எழுதியுள்ளோம்; காத்திருப்போர் இடமும் மூன்றுக்கும் பொது. இளையவர் இன்னும் முழுமையாக உடன்படவில்லை.

காலணிகளைப் பற்றியும் அவரே நினைவூட்டினார். வெளியே கழற்றிவைத்த செருப்பைப் பார்த்தே உள்ளே இருப்பவர் யாரென்று அறிந்துகொள்ளும் ஊர் நம்முடையது. செருப்பு வைக்கும் தட்டு இப்போது கதவுக்கு உட்புறம் உள்ளது.

வீட்டிலிருந்து பேசுவோர்க்கு

பயணம் செய்ய இயலாதோர்க்குத் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை வழங்குகிறோம். அப்போது ஆலோசனை அறை உங்கள் வீட்டிலேயே அமைய வேண்டியுள்ளது. ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அது எளிதன்று என்பதை அறிவோம். மொட்டை மாடி, வீட்டுக்குப் பின்புறம், நிறுத்திவைத்த வண்டி ஆகிய இடங்களிலிருந்து பலர் பேசியிருக்கின்றனர். காதில் பொருத்தும் கருவி இருந்தால் எங்கள் குரலாவது பிறர்க்குக் கேட்காது. குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு: அந்த அரை மணி நேரம் கதவைத் தட்டாமல் இருப்பதும், முடிந்தபின் 'என்ன பேசினாய்?' என்று கேட்காமல் இருப்பதும். சுவரைப் பார்த்தபடி கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவதைக் காட்டிலும், கதவு கண்ணில் படும்படி முதுகைச் சாய்த்து அமர்ந்து பேசுவது பலர்க்கு எளிதாக உள்ளது. யாரேனும் வருகிறார்களா என்று எண்ணி எண்ணிப் பேச்சு அறுந்துபோவதில்லை. எங்கள் பிரிவு இயங்காத நேரங்களில், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, எந்நேரமும் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

இன்னும் சரிசெய்யப்படாதவையும் உள்ளன. ஏ.சி. இயந்திரம் மிகுந்த ஓசை எழுப்புகிறது. அதை நிறுத்தினால் சித்திரை வெயில் தாங்குவதில்லை. பொதுவான காத்திருப்போர் இடத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்க இன்னும் இடம் கிடைக்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் விளக்கு கூசினாலோ, இருக்கை உறுத்தினாலோ, கதவைச் சற்றுத் திறந்துவைத்தால்தான் மூச்சு வரும் என்று தோன்றினாலோ, அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சாளரத்தருகே ஒரு சிறு பெட்டியும் துண்டுத்தாள்களும் உள்ளன. நேரில் சொல்லத் தயங்குவோர் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் போடலாம். செருப்புத் தட்டை உட்புறம் வைத்தபோது முதியவர்கள் குனிந்து கழற்ற ஓர் இருக்கை வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை; அப்பெட்டியில் கிடந்த ஒரு தாள்தான் சொன்னது. பழைய முக்காலி இப்போது அங்கே இருக்கிறது.